தண்ணீர் முள்ளும் எண்ணெய் முள்ளும்

செந்திலு,

நம் குடியிருப்பின் ஆண்டு மலருக்கு வயதானவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று முதல் மாடிச் செயலாளர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு டீச்சரிடம் வாழ்க்கை அனுபவம் கேட்டார். என்னிடம் ரசப்பொடி கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மிளகும் சீரகமும் போதும் என்று நினைத்திருப்பார். மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த என் வடாத்தைத் துணியோடு சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்ட மனிதர் அவர். அன்றைக்கு அவர் போட்டிருந்தது நீலக்கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, இரண்டாவது பித்தான் இல்லை. நான் எதையும் மறப்பதில்லை. ஆனாலும் தலையாட்டி விட்டேன். ரசப்பொடி எழுதத்தான் உட்கார்ந்தேன். மிளகு என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. உன் காரைப் பற்றித்தான் எழுத வருகிறது.

நீ சிரிப்பாய். அம்மாவுக்கு டர்போவைப் பற்றி என்ன தெரியும் என்பாய். எனக்கு ஒன்றும் தெரியாது. இதில் நான் எழுதப்போகிற எதுவும் என் சரக்கில்லை, எல்லாம் நீ எனக்குச் சொன்னது. சொன்ன நீ மறந்துவிட்டாய். கேட்ட எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அதனால் உன்னிடம் வாங்கியதை உன்னிடமே திருப்பித் தருகிறேன் என்று வைத்துக்கொள்.

போன வருஷம் பங்குனியில் அந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். யாரோ ஓட்டிக் கைமாறியதுதான், ஆனால் உனக்குப் புதுசு. இரண்டே கதவு, மழை மேகம் மாதிரி சாம்பல் நிறம், தரையோடு தரையாக ஒரு உட்காரும் இடம். நான் ஏறுவதென்றால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, தலையைக் குனிந்து, பொத்தென்று விழ வேண்டும். அப்புறம் நீ சுற்றி வந்து என் கால் இரண்டையும் தூக்கி உள்ளே வைப்பாய். "நாப்பத்தெட்டு வயசுல இது தேவையா?" என்று வித்யா கேட்டாள். உன் மனைவி கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் கேட்கவில்லை. அப்பா போன நாளிலிருந்து நீ உனக்கென்று எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வடபழனி முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். உன் மாமியார் வந்திருந்தார். முழங்கை தடிமனுக்கு ஒரு சாமந்தி மாலை கொண்டுவந்திருந்தார். அதை வண்டியின் மூக்கில் இருக்கிற கறுப்பு வலையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுற்றிச் சுற்றி நாரால் இறுக்கிக் கட்டினார். "காத்து போற இடம் அத்தை" என்று நீ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "சாமிக்குச் சாத்தினது மாப்பிள்ளே, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். உன் கல்யாணத்தில் பிள்ளையைப் பெற்றவளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து, ஜாங்கிரி தீர்ந்துபோச்சு என்று சொன்ன அதே வாய். அன்றைக்கு அவர் கட்டியிருந்தது அரக்குக் கலர். நீ மாலையை அவிழ்க்கவில்லை. வேண்டாம் என்ற சொல் உன் வாயில் வரவே வராது.

கோடம்பாக்கம் பாலம் இறங்கி பனகல் பார்க் சிக்னலுக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்னே பஸ், பின்னே பஸ், பக்கத்தில் ஆட்டோ. நகரவே இல்லை. நீ ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது நடுவை விட்டு மேலே போனது. நீ ஏசியை அணைத்தாய். கண்ணாடியை இறக்கினாய்.

"அம்மா, கோவிச்சுக்காத. ஹீட்டர் போடப்போறேன்."

"எதுக்குடா, நான் என்ன இட்லியா?"

"இன்ஜின் சூட்டை நம்ம பக்கம் இழுத்துக்கணும்மா. நாம கொஞ்சம் வெந்தா அது பொழச்சுக்கும்."

பங்குனி வெயிலில், பட்டுப்புடவையில், முகத்தில் அனல் அடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, இம்மாம் சோக்கான வண்டில ஏசி இல்லியா? ஆயா மூஞ்சி செவந்து பூட்ச்சே."

"ஏசியெல்லாம் இருக்குப்பா. என் பையன் என்னை வேகவைக்கிறான்" என்றேன்.

"நல்ல புள்ளதான். வெந்ததும் சொல்லு, வந்து எறக்கி வெக்கிறேன்" என்றார். நீ சிரித்தாய். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாய். அப்படி நீ சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஓரம் கட்டி இறங்கி மாலையை அறுத்து எடுத்தாய். இதழெல்லாம் வலைக்குள் இழுபட்டு அப்பிக்கிடந்தது. அதற்குப் பின்னால்தான் காற்றைக் குளிரவைக்கிற பெட்டி, அதற்கும் பின்னால் ரேடியேட்டர், இரண்டும் பூவில் மூடி மூச்சு முட்டி நின்றன என்று சொன்னாய். சாத்திய மாலையை ரோட்டில் போட முடியுமா? என் மடியில் வைத்தாய். அது சுட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்று கேட்டேன். "கூடாதும்மா. இந்தச் சூட்டுல மூடியைத் தொறந்தா கொதி தண்ணி மூஞ்சில அடிக்கும். தானா ஆறுற வரைக்கும் நாம சும்மா இருக்கணும். அதுதான் இப்ப வேலை" என்றாய். சும்மா இருப்பதுதான் வேலை என்று நீ சொன்னது அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது ஒரு வருஷமாக அந்த வேலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமைகள் வந்தன. கபாலி கோயில், அங்கிருந்து அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் கடற்கரை, திரும்பி மந்தைவெளி. கண்ணாடி ஓரத்துத் தூணில் இரண்டு வட்டம் புதிதாக மாட்டியிருந்தாய். அதில் இங்கிலீஷ் இல்லாமல் வெறும் எண்தான் என்பதால் எனக்கு நன்றாகப் புரிந்தது. "இதோ பாரும்மா, வண்டிக்குள்ளயே வர்ற முள்ளு தண்ணிச் சூட்டைக் காட்டும். கொஞ்ச தூரம் போனதுமே நடுவுல வந்து அமைதியா நின்னுடும். அதை நம்பி மிதிச்சா போச்சு. இன்ஜின் எண்ணெய் அப்பவும் பச்சையாத்தான் இருக்கும், எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இந்த வட்டத்துல எண்ணெய் எண்பது வரணும். அதுவரைக்கும் நான் மிதிக்கவே மாட்டேன்." நிறுத்தி வைத்துச் சூடேற்றவும் கூடாது, மெதுவாக ஓட்டிக்கொண்டே ஏற்ற வேண்டும் என்றாய். மாட வீதியில் பூக்கூடைக்காரியும் சைக்கிளும் நம்மைத் தாண்டிப் போகும். நீ அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறவன் மாதிரி ஓட்டுவாய்.

ஒருநாள் திருவான்மியூர் தாண்டிக் கடற்கரைச் சாலையில் கூட்டிப்போனாய். எண்ணெய் எண்பதைத் தாண்டியிருந்தது. "பிடிச்சுக்க" என்றாய். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு விசில். காற்றழுத்தம் காட்டுகிற இரண்டாவது வட்டத்தின் முள் துள்ளியது, யாரோ என் மார்பில் கை வைத்து இருக்கையோடு அழுத்தினார்கள். நீ காலை எடுத்ததும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. நான் பயப்படவில்லை, செந்திலு. எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை பண்ணு என்று கேட்டேன். இந்த வயதில் என்னை யார் இப்படித் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

"அது என்னடா பெருமூச்சு?"

"டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளுதுல்ல, அதுக்குப் பேருதான் பூஸ்ட். காலை எடுத்தா அந்தக் காத்து போக இடம் வேணும். இல்லைன்னா திரும்பி வந்து டர்போவையே அடிக்கும். அதான் ஒரு வால்வு தொறந்து வெளிய விடுது."

வெளியே விட ஒரு வழி இல்லையென்றால் திரும்பி வந்து தன்னையே அடிக்கும். நீதான் சொன்னாய்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த விசில்கூட இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வரும் இரண்டு நிமிஷம். வேகமாக ஓட்டி வந்த இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் டர்போவுக்குள் நிற்கிற எண்ணெய் அந்தச் சூட்டிலேயே தீய்ந்து கரியாகிவிடும், அதனால் கடைசித் தெருவில் மெதுவாக வந்து, நிறுத்தியும் ஒரு இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும் என்றாய். கீழே கார் நிறுத்துமிடத்தில் நாம் உட்கார்ந்திருப்போம். மேலே போனால் உனக்கு ஃபோன், வித்யாவுக்கு ஆபீஸ் கால், எனக்கு டிவி. இங்கே ஒன்றும் கிடையாது. நீ பேசுவாய். பார்வை முன்னால் சுவரில் இருக்கும், வாய் பேசும். ஆபீசில் நீ வேலை சொல்லிக்கொடுத்த பையன் உனக்கே அதிகாரியாக வந்ததை அங்கேதான் சொன்னாய். "எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்கம்மா" என்றாய். பேத்தி கோயம்புத்தூர் விடுதியிலிருந்து உனக்கு ஃபோன் செய்வதில்லை, வித்யாவுக்குத்தான் செய்கிறாள் என்று சொன்னாய். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று தெரியும். உம் கொட்டினேன். இன்ஜின் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து, நீ சாவியைத் திருப்புவாய். அப்புறம் வந்து என் காலைத் தூக்கி வெளியே வைப்பாய்.

உன் அப்பாவைப் பற்றியும் நீ கேட்டது அங்கேதான். அந்த நாளை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. தி.நகரில் நம் பாத்திரக் கடைக்குப் புதுப் பலகை மாட்டினான் உன் சித்தப்பா. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்ட கடை. பலகையில் தம்பி பேர் மட்டும் இருந்தது. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே உன் அப்பா கீழே நின்று அதைப் படித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திரை வெயிலில் மாம்பலத்திலிருந்து இங்கே வரைக்கும் நடந்தே வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "என்ன இந்நேரம்?" என்றேன். "ஒண்ணுமில்ல, சாப்பாடு போடு" என்றார். வத்தக்குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். நன்றாகச் சாப்பிட்டார், மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் படுக்கிறேன் என்றார். காப்பிக்கு எழுப்பப் போனேன். நீ பத்தாம் வகுப்பு டியூஷன் முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். பலகை விஷயம் எனக்கே காரியம் முடிந்த பிறகு பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். உன் சித்தப்பா வந்து அழுதான். அவன் கண்ணீரையும் நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தெருவுக்குள் நான் நுழைவதில்லை, பாத்திரம் பாரிமுனையில் வாங்குவேன்.

முகத்தில் ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பயம். தண்ணீர் முள் நடுவில் வந்து அமைதியாக நின்றுகொண்டிருந்தது, உள்ளே என்ன நடந்ததென்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அப்பாவுக்கு யாரும் இன்னொரு வட்டம் மாட்டி வைக்கவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் நீ சீட் பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டு நெஞ்சின் நடுவில் வைத்தாய். "அம்மா, சில நாள் இங்க யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. மாடி ஏறினா தோள்வரைக்கும் இழுக்குது. அப்பாவுக்கும் முன்னாடியே இப்படி…" என்று ஆரம்பித்தாய்.

கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டினார் செயலாளர்.

"ஏன் சார், தினம் இப்படி வண்டியை ஓடவிட்டுண்டு உக்காந்திருந்தா எப்படி? புகை பூரா எங்காத்து பெட்ரூமுக்குள்ள வரது. அணைச்சுட்டு மேல போய் பேசப்படாதோ?"

"சாரி சார், இதோ" என்று அணைத்துவிட்டாய். சூட்டோடு அணைத்தாய். என் காலைத் தூக்கி வெளியே வைக்கும்போது, "வித்யாகிட்ட சொல்லாத, வெறும் கேஸ் டிரபிள்தான்" என்றாய். லிஃப்டில் ஏறி, என் முகத்தைப் பார்க்காமல் நின்றாய்.

அடுத்த வாரம் வண்டியில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தாய். சாவியை எடுத்தாலும் இன்ஜின் தானாக ஓடி, நேரம் ஆனதும் தானாக அணையுமாம். டர்போவுக்கு ஒன்றும் ஆகாதாம், செயலாளர் வந்து தட்டினால் வண்டிக்குள் ஆளும் இருக்காதாம். உனக்கு நல்ல வசதி. என்னோடு உட்கார வேண்டியதில்லை என்பதும் அதில் ஒரு வசதியாக இருக்கலாம். அன்றைக்கு நிறுத்தியதும் உனக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே சாவியை எடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாய். நான் உள்ளே இருக்கிறேன். அந்தப் பள்ளத்திலிருந்து என்னால் நானாக எழ முடியாது. பக்கத்தில் ஓட்டுகிற இடம் காலி, சாவி இல்லை, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் என் மனதில் என்னென்ன வந்தது என்று எழுத மாட்டேன். அதுவாக அணைந்தது. அப்புறம்தான் நீ ஓடி வந்தாய். "மறந்தே போச்சும்மா" என்று என் காலைத் தூக்கினாய். உன் கை வியர்த்திருந்தது. இரண்டு மாடி இறங்கி வந்ததற்கு அப்படி மூச்சு வாங்கினாய்.

மாசி மாதம் பூஸ்ட்டை ஏற்றிக்கொண்டு வந்தாய். புறநகரில் ஒருவன் லேப்டாப்பை மாட்டி, கம்பெனி வைத்ததற்கு மேலே தள்ளிவிட்டான் என்றாய். முதலில் குளிரவைக்கிற பெட்டியைப் பெரிதாக்குங்கள், நல்ல எண்ணெய் ஊற்றுங்கள், அப்புறம் ஏற்றலாம் என்று அவனே சொன்னானாம். "அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்மா" என்றாய். எண்பது வரும்வரை மிதிக்க மாட்டேன் என்றவன் இப்போது கேட்டைத் தாண்டியதும் மிதிக்கிறாய். ஆபீசுக்கு எந்த மனநிலையில் போகிறாய் என்று எனக்கு மாடியிலிருந்தே தெரியும். விசில் சத்தம் பிள்ளையார் கோயில் முனையில் கேட்டால் பரவாயில்லை. பால் பூத்துக்கிட்டேயே கேட்டால், பச்சை எண்ணெயோடு போகிறாய்.

நான் என்ன செய்ய முடியும், சொல். சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். நீ மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாய், அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. உன் இரத்தக் கொதிப்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் காருக்குள் கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியில் கிடக்கிறது. என் முழங்காலுக்குக் கூட்டிப்போனாயே, அந்த டாக்டரிடம் உன் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். "அவரை உள்ள வரச் சொல்லுங்கம்மா" என்றார். வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். நீயும் கையைக் காட்டினாய், பார்க்கிங் இல்லை, சீக்கிரம் வா என்று. உன்னைப் பத்து மாதம் சுமந்தவளால் அந்தக் கதவைத் தாண்டி உன்னை இழுத்துவர முடியவில்லை. சமையலில் உப்பைக் குறைத்தேன். நீ ஊறுகாய் எடுத்துப் போட்டுக்கொண்டாய். சாமியிடம் சொன்னேன். சாமிக்கும் உன் மாமியார் மாலை போட்டுவிட்டாரோ என்னவோ.

வித்யாவிடம் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தலையாட்டினேன். சொன்ன வார்த்தையை மீறியவள் இல்லை நான். அதனால் அவளிடம் சொல்லப்போவதில்லை. இந்தக் காகிதத்தைத் திங்கட்கிழமை செயலாளரிடம் கொடுப்பேன். அவர் அதை அச்சடித்து எல்லா வீட்டு வாசலிலும் போடுவார். நம் வீட்டு வாசலிலும் போடுவார். அதற்குள் நீ போய் அந்த நெஞ்சை ஒருவரிடம் காட்டிவிட்டு வந்தால், இதைக் கிழித்துப் போட்டுவிட்டு ரசப்பொடி எழுதிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த மிரட்டல் இதுதான். இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

மேலே எழுதியதை வெள்ளிக்கிழமை காலையில் நீ குளிக்கும்போது கீழே போய் உன் இருக்கையில் வைத்தேன். இனி எழுதுவது அதற்குப் பிறகு நடந்தது.

காலையில் வண்டி கிளம்பியது. பால் பூத் தாண்டியும் விசில் இல்லை. பிள்ளையார் கோயில் தாண்டியும் இல்லை. சாயங்காலம் நீ உள்ளே வந்து நிறுத்துகிற சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் வரவில்லை. பெட்டி அணைக்கிற நேரம் தாண்டியும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இன்டர்காமில் செயலாளர் கூப்பிட்டார். "அம்மா, உங்காத்துப் பிள்ளை வண்டி ஓடிண்டே இருக்கே." "ஓடட்டும்" என்று வைத்துவிட்டேன். செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. அதோடு லிஃப்டில் இறங்கினேன்.

சாவி வண்டியில்தான் இருந்தது. நீயும் இருந்தாய். காகிதம் ஸ்டியரிங்மேல் இருந்தது. நானாகவே பொத்தென்று விழுந்து உட்கார்ந்தேன்.

"எழுத்து ரொம்பக் கோணலா இருக்கும்மா."

"படிச்சியா இல்லையா?"

"அத்தையைப் பத்தி எழுதினதை மட்டும் எடுத்துடேன்."

"எடுக்க மாட்டேன்."

நீ சிரித்தாய். சிரிப்பு பாதியில் நின்றது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாளா அதிகமா இருக்கு. பயமா இருக்கும்மா" என்றாய். பத்தாம் வகுப்புப் பையன் குரலில் சொன்னாய். நான் உம் கொட்டவில்லை. வித்யாவைக் கூப்பிடு என்றேன். உன் ஃபோனிலேயே நீயே கூப்பிட்டாய், நீயே சொன்னாய். அவள் இறங்கி வந்த வேகத்தில் அழுவாளா திட்டுவாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தாள். உன்னை ஓட்டவிடாமல் ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ கிளம்பும்போது தலையை நீட்டி, "கிழிக்காதம்மா, குடுத்துடு. நம்ம பில்டிங்லயே எத்தனை பேர் கேஸுன்னு சொல்லிட்டுத் திரியறாங்க" என்றாய்.

இரத்தக் குழாயில் அடைப்பாம். பெரியதாம். திங்கட்கிழமை உள்ளே கம்பி விட்டுத் திறக்கப் போகிறார்கள், அதுவரை ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டுமாம். உன்னிடம் ஒருவர்தான் இருக்கலாம் என்பதால் வித்யா இருக்கிறாள். பேத்தி கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டாள், உனக்குத்தான் முதலில் ஃபோன் செய்தாளாம். உன் மாமியார் கேரியரில் கஞ்சி கொண்டுபோகிறார். நான் வீட்டில் இருக்கிறேன். சூட்டில் மூடியைத் தொடக்கூடாது, சும்மா இருக்க வேண்டும் என்று நீ சொன்னதை நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். செயலாளர் வாசலில் வந்து நின்றார். "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம விட்டா பேட்டரி போயிடும்மா. சாவியைக் குடுத்தா நான் வேணா தினம் செத்த நாழி ஓடவிடறேன். புகை வந்தா வரட்டும்" என்றார். வேண்டாம், அவனே வந்து பண்ணுவான் என்றேன். வடாத்துணி விஷயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் கீழே போனேன். வண்டியின் மூக்குப் பக்கம் கை வைத்துப் பார்த்தேன். ஆறிக் கிடந்தது. ஆறட்டும், ஆறட்டும் என்று ஒரு வருஷமாக உன் உயிரை வாங்கியவள் நான். ஆனாலும் அது அப்படிக் கல் மாதிரி ஆறிக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வலைக்குள் ஆழத்தில் நிறம்போன சாமந்தி இதழ் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் எடுக்கவில்லை. நீ வந்து பார்க்க வேண்டும், உன் மாமியாரும் பார்க்க வேண்டும்.

வா, செந்திலு. எண்ணெய் முள் எண்பதைத் தொடுகிற வரைக்கும் மெதுவாகவே போகலாம். பூக்கூடைக்காரி தாண்டிப் போகட்டும். திரும்பி வந்து அந்தப் பெட்டியை அணைத்துவிட்டு இரண்டு நிமிஷம் உட்காரலாம், நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை. கனம் எதையும் இனி நீ தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக வித்யா சொன்னாள். அதனால் உன் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்து, என் காலை நானே தூக்கி உள்ளே வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். வலது கால் வந்துவிட்டது. இடது கால்தான் இன்னும் வரவில்லை.